தொண்ணூற்று நான்கில் ஒருத்தி

மீனா குடும்பத்தை வழியனுப்பிவிட்டு விமான நிலையத்திலிருந்து பஸ்ஸில் திரும்பும்போதுதான் விஜயகுமாரி அந்த முடிவுக்கு வந்தாள். இனிமேல் மெயின்லேண்டிலிருந்து வருகிறவர்கள் யாரோடும் நெருங்கிப் பழகக்கூடாது. பார்த்தால் சிரிக்கலாம், கேட்டால் பதில் சொல்லலாம். அதற்கு மேல் வேண்டாம்.

மீனா நர்ஸ் வேலைக்கு போர்ட் பிளேர் வந்தவள். மூன்று வருஷமும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவளும் அவள் புருஷனும் குட்வில் எஸ்டேட்டில் விஜயகுமாரி குடியிருந்த வாடகை வீட்டுக்கு வந்துவிடுவார்கள். மீன்குழம்பு சாப்பிட்டு, அங்கேயே பாயைப் போட்டுத் தூங்கி எழுந்து, சாயங்காலம்தான் புறப்படுவார்கள். மாற்றல் வந்தது. ஒரே மாதத்தில் கட்டிலை விற்று, ஃப்ரிட்ஜை விற்று, கறிவேப்பிலைத் தொட்டியை விஜயகுமாரியிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். மீனா முதலில் தினமும் போனில் பேசினாள். பிறகு வாரம் ஒருமுறை. பிறகு கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்துப்படம்.

இது முதல் தடவையாக இருந்திருந்தால் தாங்கியிருப்பாள். விஜயகுமாரி போர்ட் பிளேரை ஒட்டிய சாத்தம் தீவில் பிறந்தவள். அப்பா சாயர்புரத்துக்காரர், மரமில்லில் வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். அவரும் இன்னும் ஐந்தாறு பேரும் சேர்ந்து ஒரு வீட்டு வராந்தாவில் தொடங்கியதுதான் ஆஸ்பத்திரி மேட்டுக்குக் கீழே இருக்கும் அந்தத் தமிழ்ச் சபை. தகரக் கூரை சிமெண்ட் கூரையானது. மர பெஞ்சு போய் பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. ஆனால் ஆட்கள் என்றைக்கும் நாற்பது பேர்தான். பேங்க்கில், நேவியில், ரோடு வேலையில், பள்ளிக்கூடத்தில் என்று வருவார்கள். இரண்டு வருஷமோ மூன்று வருஷமோ இருப்பார்கள். ஆர்டர் வந்ததும் போவார்கள். போனவர்களின் இடத்தில் வேறு முகங்கள் உட்கார்ந்திருக்கும். சிறுவயதிலிருந்து அவள் கட்டிப்பிடித்து அழுது அனுப்பிய குடும்பங்களை விரல்விட்டு எண்ண முடியாது.

புருஷன் சுதாகரோ சொல்லாமலே போனார். தீவுகளுக்கிடையே ஓடும் கப்பலில் எஞ்சின் அறை வேலை. கமோர்ட்டா தீவிலிருந்து திரும்பும் வழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அவர் வேலைக்குப் பதிலாக விஜயகுமாரிக்கு ஃபீனிக்ஸ் பே கப்பல்துறையில், ஜெட்டி டிக்கெட் கவுண்டரில் வேலை கொடுத்தார்கள். அது ஆயிற்று ஒன்பது வருஷம். மகள் சௌமியா கல்யாணமாகி கோயம்புத்தூரில் இருந்தாள்.

“அங்க தனியா கெடந்து என்னம்மா செய்யுற? இங்க வந்துரு,” என்பாள் சௌமியா, ஒவ்வொரு முறை பேசும்போதும்.

“வேலை இருக்குல்லா. ரிட்டயர்டு ஆனதும் பாக்கலாம்.”

உண்மையில் மெயின்லேண்டுக்குப் போனால் அங்கே அவள்தான் வந்தேறி. இங்கே இருந்தால் எல்லோரும் அவளை விட்டுப் போய்க்கொண்டிருப்பார்கள். இரண்டில் எது மேல் என்று அவளால் முடிவுசெய்ய முடியவில்லை.

மீனா போன அடுத்த ஜூனில் புதுப் பாஸ்டர் வந்தார். ஜெபசிங் என்று பெயர். முப்பத்துநாலு வயது. மனைவி ஷீபா, குழந்தை இல்லை. வந்த இரண்டாவது வாரமே பழைய பதிவேடுகளை எல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டுப் பிரசங்கத்தில் சொன்னார்:

“முப்பத்தெட்டு வருஷமா நாற்பது பேர். பிறந்த பிள்ளை முப்பத்தெட்டு வருஷமா அதே தொட்டில்ல படுத்திருந்தா நாம சந்தோஷப்படுவோமா? டாக்டர்கிட்டதானே ஓடுவோம்?”

சபையில் சிலர் சிரித்தார்கள். விஜயகுமாரிக்குச் சுருக்கென்றது. அந்த நாற்பது பேர் ஒரே நாற்பது பேரா என்று கேட்க நினைத்தாள். கேட்கவில்லை.

பாஸ்டர் சுறுசுறுப்பானவர். அதைக் குறை சொல்ல முடியாது. பஜாரில் துண்டுப்பிரசுரம் கொடுத்தார். கீபோர்டு வந்தது, திரை வந்தது. உள்சுவரில் சார்ட் பேப்பரை ஒட்டி பெரிய மரம் ஒன்றை வரையச் செய்தார். புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் பச்சைக் காகிதத்தில் ஓர் இலை, இலையில் பெயர். ஒரு வருஷத்துக்குள் நூறு இலை என்பது இலக்கு. மெயின்லேண்டிலிருந்து மேற்பார்வையாளர் மார்ச் மாதம் வந்து பார்ப்பார்.

“வரவேற்புக் குழுவுக்கு நீங்கதான் தலைவி, சிஸ்டர்,” என்றார் விஜயகுமாரியிடம். “இங்க உங்களை விடப் பழைய ஆள் யார் இருக்கா?”

மறுக்க வாயெழவில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு சாக்லேட்டும் ஓர் அட்டையும் கொடுக்க வேண்டும். அட்டையில், ‘நீங்கள் தனியாக இல்லை. எந்த உதவிக்கும் அழையுங்கள்’ என்று அச்சடித்து அதன் கீழே அவளுடைய போன் நம்பரையே போட்டிருந்தார்கள். அவள் அட்டையைக் கொடுப்பாள், பெயரையும் நம்பரையும் கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொள்வாள், சிரிப்பாள். முகத்தைக் கூர்ந்து பார்க்கமாட்டாள். பார்த்தால் மனதில் நின்றுவிடும். நின்றால் பழகத் தோன்றும்.

மரம் தழைத்தது. பிப்ரவரிக் கடைசியில் நாற்காலி போதாமல் பக்கத்து டியூஷன் சென்டரில் கேட்டு வாங்கிப் போட்டார்கள். பாட்டுச் சத்தம் ரோடு வரைக்கும் கேட்டது. அத்தனை கூட்டத்தின் நடுவில் விஜயகுமாரி ஆராதனை முடிந்து செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, யாரும் கவனிக்காமல் வெளியேறி, பஸ் பிடித்து, வீட்டுக் கதவைத் திறந்து, முந்தின நாள் குழம்பைச் சுடவைத்துச் சாப்பிட்டாள். நாற்பது பேராக இருந்தபோது ஒரு வாரம் போகாவிட்டால் நாலு பேர் கேட்பார்கள். இப்போது யார் வந்தார், யார் வரவில்லை என்று யாருக்கும் தெரியாது. ஒருவகையில் அது அவளுக்கு வசதியாகவும் இருந்தது.

மார்ச் இரண்டாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை. நிக்கோபார் பக்கம் போகும் கப்பல் அன்று சாயங்காலம் நாலு மணிக்கு. மிச்சமிருந்த டிக்கெட்டுகளுக்குக் காலையிலிருந்தே வரிசை நீண்டு நின்றது. பதினொரு மணிவாக்கில் ஒரு பெண் கவுண்டருக்குள் படிவத்தை நீட்டினாள். ஒடிசலான உடம்பு, நாற்பது வயது இருக்கலாம். மஞ்சள் துணியால் வாய்கட்டிய ஒரு பையை இடுப்போடு அணைத்திருந்தாள்.

“கச்சாலா? எத்தனை பேரு?” என்றாள் விஜயகுமாரி, நிமிராமலே.

“வர்றப்ப ரெண்டு பேரு வந்தோம். போறப்ப ஒருத்திதாங்க.”

விஜயகுமாரி நிமிர்ந்தாள். அந்தப் பெண் கம்பி இடைவெளி வழியாக அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீங்க கோயில்ல முட்டாயி குடுத்த அக்காதானே?”

விஜயகுமாரி படிவத்தைப் பார்த்தாள். வேலாயி என்று எழுதியிருந்தது. அந்தப் பெயரைத் தன் கையாலேயே பச்சைக் காகிதத்தில் எழுதி ஒட்டியது ஞாபகம் வந்தது. முகம் ஞாபகம் வரவில்லை.

“மூணு ஞாயித்துக்கெழம வந்தேன்க்கா. எங்க வீட்டுக்காரர கச்சால்ல இருந்து இங்க பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்து அனுப்பிட்டாங்க. மேட்டுல வார்டு. அங்க இருந்து பாத்தா உங்க கோயில் தெரியும். தமிழ்ப் பாட்டு கேட்டிச்சு, எறங்கி வந்தேன். நாங்க முருகன் கும்புடுறவங்கதான். இருந்தாலும் தமிழு கேட்டா ஒரு இதுதானே.”

“அவரு இப்போ…”

“பதினஞ்சு நாளாச்சு. சாம்பலத்தான் கொண்டு போறேன்.” பையை லேசாகத் தட்டினாள். “வார்டு கிளீனருங்களும் ஒரு பெங்காலி டிரைவரும் சேந்துதான் காரியம் பண்ணாங்க. உங்களுக்குக்கூட போன் போட்டேன்க்கா. மூணு தடவ. நீங்க டூட்டியில இருந்திருப்பீங்க.”

குரலில் குற்றம்சொல்லும் தொனி துளிகூட இல்லை. பின்னாலிருந்து ஒருவன் அவசரப்படுத்திக் கத்தினான், “அரே தீதி, ஜல்தி கரோ! லைன் தேக்கோ!”

விஜயகுமாரியின் கைகள் பழக்கத்தில் டிக்கெட்டை அடித்துக் கொடுத்தன. வேலாயி அதை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, “வர்றேன்க்கா,” என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் மறைந்தாள்.

சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸைத் திறக்காமல் போனை எடுத்துப் பழைய அழைப்புகளைத் தேடினாள். பெயரில்லாத ஒரு நம்பர். மூன்று அழைப்புகள். முதல் அழைப்பு ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நாலு பத்துக்கு. அன்றைக்கு அவள் டூட்டியில் இல்லை. வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தாள். மேசைமேல் போன் அடித்ததும், தெரியாத நம்பர் என்று அது அடித்து ஓய்கிறவரை பார்த்துக்கொண்டே இருந்ததும் நினைவிருந்தது. இரண்டாவது, மறுநாள் ஞாயிறு பன்னிரண்டரைக்கு. சபை வளர்ச்சிக் குழு உட்கார்ந்து இலைகளை எண்ணிக்கொண்டிருந்த நேரம். மடியில் அதிர்ந்த போனை அவள்தான் அழுத்தி அணைத்தாள். அன்று எண்ணியதில் வேலாயியின் இலையும் ஒன்று. மூன்றாவது, திங்கள் காலை ஏழு மணிக்கு. அதைக் கவனித்தாளா இல்லையா என்றுகூட நினைவில்லை.

கப்பல் நின்ற இடம் நூறடி தூரத்தில்தான் இருந்தது. இரண்டரை மணியிலிருந்து ஆட்களை ஏற்றத் தொடங்கினார்கள். ஐந்து நிமிஷம் பக்கத்து கவுண்டர் ஆளிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. போய் என்ன சொல்வது? நாலு மணிக்குக் கப்பலின் ஊதல் கேட்டது. அவள் தலையைக் குனிந்துகொண்டு, போகாதவர்களின் டிக்கெட்டுகளை ரத்து செய்துகொண்டிருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் மேற்பார்வையாளர் வந்திருந்தார். பாஸ்டர் மரத்தைக் காட்டித் தொண்ணூற்று நான்கு என்றார். கைதட்டினார்கள். பிறகு வரவேற்பு ஊழியத்தைப் பற்றி சாட்சி சொல்ல விஜயகுமாரியைக் கூப்பிட்டார்.

அவள் மைக்கை வாங்கிக்கொண்டு மரத்தின் பக்கம் திரும்பினாள்.

“தொண்ணூத்தி நாலுல ஒருத்தி பேரு வேலாயி,” என்றாள். “வலதுபக்கக் கிளையில, மேல இருந்து மூணாவது இலை. இங்க மூணு வாரம் வந்திருக்கா. யாருக்காவது அவ முகம் ஞாபகம் இருக்கா?”

முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பி அந்த இலையைத் தேடினார்கள்.

“எனக்கும் இல்ல. மேட்டு வார்டுல அவ புருஷன் சாகக் கெடந்தப்ப அட்டையில இருந்த நம்பருக்கு மூணு தடவை கூப்பிட்டிருக்கா. நான் எடுக்கல. நாம உள்ள உக்காந்து எண்ணிக்கிட்டு இருந்தோம். இதுதான் என் சாட்சி.”

மைக்கை வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள். கீபோர்டுக்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் ஏதோ ஒரு பாட்டை வாசிக்கத் தொடங்கினார். ஆராதனை முடிந்ததும் அவளிடம் யாரும் வரவில்லை. வாசலில் செருப்பு மாட்டும்போது ஒரு அம்மா மட்டும் இன்னொருத்தியிடம் சொன்னது காதில் விழுந்தது: “வெளியூர்க்காரங்க முன்னாடி சபை மானத்தை வாங்கிட்டா பாரு.”

அடுத்த இரண்டு ஞாயிறும் அவள் போகவில்லை. யாரும் போன் செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலையில்லாமல் வீட்டில் இருப்பது அவளுக்குப் பழக்கமில்லாதது. துணி துவைத்தாள். துவைத்த துணியைக் காயப்போட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டில் பெங்காலி சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. இந்த ஊரில் முப்பத்தெட்டு வருஷம் பாட்டுச் சத்தம் கேட்டிருக்கிறேன், என்னைத் தேட ஓர் ஆள் இல்லை என்று நினைத்தபோது அழுகை வந்தது. உடனே வேலாயியும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பாள் என்று தோன்றியது. அதற்குப் பிறகு அழ முடியவில்லை.

மூன்றாவது வாரம் திங்கட்கிழமை சாயங்காலம் கதவு தட்டும் சத்தம் கேட்டது. பாஸ்டரும் ஷீபாவும். கோபத்தோடு வந்திருப்பார்கள் என்று நினைத்தாள். பாஸ்டரின் கண்ணைப் பார்த்தபோது அப்படித் தெரியவில்லை. தூக்கமில்லாதவர் மாதிரி இருந்தார். டீ போட்டுக் கொடுத்தாள்.

“உங்க வரவேற்பு நோட்டை எடுத்து வச்சு ஒவ்வொருத்தருக்கா போன் பண்ணினேன், சிஸ்டர்,” என்றார். “பாதிப் பேர் எடுக்கல. எடுத்தவங்கள்ல முக்கால்வாசிப் பேரு யாருன்னே எனக்குத் தெரியல. ஒருத்தர் கேட்டார், ‘பாஸ்டர், நான் டிசம்பர்லயே மதுரைக்குப் போயிட்டேனே’ன்னு. அவர் இலை இன்னும் ஒட்டித்தான் இருக்கு.”

விஜயகுமாரி அவர் டம்ளரில் மிச்ச டீயையும் ஊற்றினாள்.

“நீங்க அன்னைக்குப் பேசினது எனக்குக் கோபம்தான். நிஜமாவே கோபம். என்கிட்ட தனியா சொல்லியிருக்கலாம்.”

“சொல்லியிருக்கலாம்,” என்று ஒத்துக்கொண்டாள். “தப்புதான்.”

“இல்ல, சொல்லியிருந்தா நான் கேட்டிருப்பேனான்னும் தெரியல.” டம்ளரைக் கீழே வைத்தார். “மாசாமாசம் மெயின்லேண்ட்ல இருந்து ரிப்போர்ட் கேப்பாங்க. எத்தனை பேர், போன மாசத்தைவிட எத்தனை கூட. நானும் அதையே ஓடி ஓடி… இங்க வந்து ஒரு வருஷமாகப்போகுது. இந்தத் தீவுல ஒருத்தர்கூட என்னை, எப்படி இருக்கீங்கன்னு கேட்டதில்ல, சிஸ்டர். ஷீபாவுக்கு ரெண்டு தடவை கரு கலைஞ்சது. யாருக்கும் தெரியாது.”

ஷீபா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவர்கள் வந்து இறங்கிய நாளிலேயே விஜயகுமாரி மனசுக்குள் கணக்குப் போட்டிருந்தாள்: மூன்று வருஷம், அப்புறம் மாற்றல். ஒருநாள்கூட ஷீபாவைத் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டதில்லை. எழுந்துபோய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். கையைப் பிடித்துக்கொண்டாள். ஷீபா இழுத்துக்கொள்ளவில்லை.

அவர்கள் போகும்போது விஜயகுமாரி சொன்னாள், “நான் கச்சாலுக்குப் போய்ட்டு வரணும் பாஸ்டர். லீவு போடப் போறேன்.”

பாஸ்டர் தானும் வருவதாகச் சொன்னார். அவள் வேண்டாம் என்றுவிட்டாள்.

நிக்கோபார் தீவுகளுக்கு நினைத்தவுடன் போய்விட முடியாது. அரசாங்க அனுமதிப் பாஸ் வாங்க வேண்டும், அங்கே இருக்கிற யாராவது பொறுப்பேற்க வேண்டும். படிவத்திலிருந்த நம்பரை வைத்து வேலாயியின் அண்ணன் குழந்தைவேலுவைப் பிடித்தாள். அவர், “என்னத்துக்குங்க வர்றீங்க?” என்று இரண்டு முறை கேட்டார். “பாக்கணும்,” என்பதைத் தவிர அவளால் வேறு சொல்ல முடியவில்லை. பாஸ் கிடைக்க ஒன்பது நாளானது.

கப்பலில் ஒரு பகல், ஓர் இரவு. ஒன்பது வருஷமாக அந்தக் கப்பல்களுக்கு டிக்கெட் கொடுக்கிறாள், சுதாகர் போன பிறகு ஒன்றிலும் ஏறியதில்லை. எஞ்சின் சத்தம் கால்வழியாக ஏறியது. உள்ளே அடுக்குப் படுக்கையில் படுக்கப் பிடிக்காமல் டெக்கிலேயே உட்கார்ந்து கடலைப் பார்த்தாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கரையும் இல்லை. எஞ்சின் அறைக்காரர் ஒருவர் அடையாளம் கண்டு, “அண்ணி, சுதாகர் பாயோட வீட்டுக்காரிதானே?” என்று இந்தியில் விசாரித்து ரொட்டியும் சப்ஜியும் கொண்டுவந்து கொடுத்தார். அவர் பக்கத்திலேயே நின்று வற்புறுத்தியதால் சாப்பிட்டாள்.

இலங்கை மலைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்டு வந்த குடும்பங்களை ஒரு காலத்தில் ரப்பர் வேலைக்காகக் கச்சாலில் குடியமர்த்தினார்கள். அந்த வழியில் வந்தவள் வேலாயி. சுனாமிக்குப் பிறகு அரசாங்கம் கட்டிக்கொடுத்த வீடு. விஜயகுமாரி போனபோது அவள் ரப்பர் மரத்தில் பால்வெட்டு முடிந்து வந்து, வாசலில் வாளிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தவள் திகைத்து எழுந்தாள்.

“அக்கா! இம்புட்டுத் தூரம் என்னாத்துக்கு?”

விஜயகுமாரி உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல முடியாது என்று பயந்தாள்.

“நான் டூட்டியில இல்ல வேலாயி. நீ போன் போட்டப்ப சும்மாதான் இருந்தேன். பாத்துக்கிட்டேதான் எடுக்காம இருந்தேன். ரெண்டாவது தடவ நானே கட் பண்ணேன்.”

வேலாயி ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். கை காய்ந்த பிறகும் துடைத்தாள்.

“அன்னைக்கு என்னா கேக்கப் போட்டேன் தெரியுமாக்கா?” என்றாள் கடைசியில். “பெருசா ஒண்ணும் இல்ல. ஒரு மணி நேரம் அவரு பக்கத்துல உக்கார ஆளு வேணும். ரெண்டு நாளா நான் குளிக்கல. அவரு துணியெல்லாம் நாறிக் கெடந்திச்சு. நர்ஸம்மாங்க பாவம், எத்தன பேரப் பாப்பாங்க. திங்கக்கெழம காலையில இனிமே முடியாதுன்னு நானே கீழ எறங்கிப் போனேன். குழாயடியில அவரு துணிய அலசிக்கிட்டு இருக்கையில பக்கத்துக் கட்டில்காரப் பொண்ணு ஓடி வந்திச்சு. நான் மேல ஏறிப் போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு.”

விஜயகுமாரி அந்த வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். வேலாயி உள்ளே போனாள். வெகுநேரம் வரவில்லை. போய்விடச் சொல்கிறாள் போலிருக்கிறது என்று விஜயகுமாரி நினைத்தபோது, பால் இல்லாத இஞ்சி டீயோடு வந்தாள்.

திரும்பும் கப்பலுக்கு நாலு நாள் இருந்தது. அந்த நாலு நாளும் அவர்கள் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. வேலாயி விடிகாலையில் தோட்டத்துக்குப் போவாள். விஜயகுமாரி வீட்டைக் கூட்டி, சோறு வடித்து வைப்பாள். வேலாயி சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்திருப்பாள். மூன்றாம் நாள் வேலாயி, புருஷன் விஜயனைப் பற்றித் தானாகவே சொல்லத் தொடங்கினாள். கோழி வளர்ப்பதில் பைத்தியமாம். ஒவ்வொரு கோழிக்கும் பேர் வைத்து, பிறகு அடித்துச் சாப்பிட மனசு வராமல் விட்டுவிடுவாராம். சொல்லும்போது சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

மன்னித்தேன் என்று வேலாயி சொல்லவில்லை. விஜயகுமாரியும் கேட்கவில்லை. ஜெட்டிக்குக் கொண்டுவந்து விட்டபோது மட்டும், கடலைப் பார்த்தபடி வேலாயி சொன்னாள்:

“அவரு படுத்திருந்த அந்த சன்னலோரக் கட்டில்ல இப்ப யாரு படுத்திருக்காங்களோ.”

திரும்பி வந்த சனிக்கிழமை சாயங்காலம் விஜயகுமாரி ஆஸ்பத்திரி மேட்டில் ஏறினாள். சன்னலோரக் கட்டிலில் ஹட் பேயிலிருந்து வந்த ஒரு கிழவர் இருந்தார். அவர் மருமகளிடம், “நீ போய்க் குளிச்சுட்டு வா, நான் இருக்கேன்,” என்றாள். அந்தப் பெண் முதலில் நம்பவில்லை. இவள் யார், எதற்கு வந்தாள், என்ன விற்கிறாள் என்று விழித்தாள். பிறகு துண்டை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

சனி, புதன் என்று போக ஆரம்பித்தாள். இரண்டாவது வாரம் ஷீபா வந்தாள். பிறகு பாஸ்டர். அவர் முதல் நாள் பைபிளோடு வந்தார். அடுத்த நாளிலிருந்து நகவெட்டியும் சவரக்கத்தியும் கொண்டுவந்தார். யார் என்ன சாமி கும்பிடுகிறவர்கள் என்று கேட்பதில்லை என்பதை யாரும் சட்டமாகப் போடவில்லை, அப்படியே பழகிவிட்டது. மழைக்காலத்துக்குள் பதினோரு பேர் முறை வைத்து வந்தார்கள். சபை மானம் போயிற்று என்று சொன்ன அந்த அம்மாவும் அதில் ஒருவர்.

நோட்டீஸ் கொடுப்பது நின்றது. கூட்டம் குறைந்தது. கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடித்தபோது சுவரிலிருந்து எடுத்த மரத்தைத் திரும்ப ஒட்ட யாருக்கும் தோன்றவில்லை. அடுத்த ஈஸ்டருக்கு அறுபத்திரண்டு பேர் இருந்தார்கள். ஏன் சரிவு என்று மெயின்லேண்டிலிருந்து கடிதம் வந்தது. பாஸ்டர் அதற்கு மூன்று பக்கம் எழுதினார் என்று ஷீபா சொன்னாள். பதில் வரவில்லை.

ஆனால் ஒரு ஞாயிறு, கடலுக்கு அக்கரையில் பம்பூஃப்ளாட்டிலிருந்து வருகிற பழைய சபைக்காரர் நாகராஜ் ஆராதனைக்கு வரவில்லை. மதியத்துக்குள் மூன்று பேர் தனித்தனியாகச் சாத்தத்தில் படகு பிடித்து அவர் வீட்டு வாசலில் போய் நின்றார்கள். லுங்கியோடு வெளியே வந்த மனிதர், “கிரிக்கெட் பாத்துக்கிட்டு இருந்தேன்யா! ஒரு வாரம் மனுஷன் நிம்மதியா இருக்கக்கூடாதா?” என்று கத்தியிருக்கிறார். கத்திவிட்டு மூன்று பேருக்கும் சோறு போட்டு அனுப்பியிருக்கிறார். அந்தக் கதையை விஜயகுமாரியிடம் ஐந்தாறு பேர் சொல்லிவிட்டார்கள்.

அவளுடைய வீடு மாறவில்லை. சாயங்காலங்கள் நீளமாகத்தான் இருக்கின்றன. கதவைத் திறந்ததும் இருட்டு முகத்தில் அறைவதும், இரண்டு தோசைக்கு மேல் வார்க்கத் தேவையில்லாததும் அப்படியேதான். பாஸ்டருக்கு இன்னும் ஒரு வருஷத்தில் மாற்றல் வரும், ஷீபா போய்விடுவாள். அது தெரிந்தேதான் ஞாயிறுதோறும் அவளுக்கு மீன்குழம்பு வைக்கிறாள்.

போன புதன்கிழமை வார்டில் கேம்ப்பெல் பேயிலிருந்து வந்த ஒரு பஞ்சாபித் தாத்தா இருந்தார். பழைய பட்டாளத்துக்காரர். கூட யாரும் இல்லை. விஜயகுமாரி கொண்டுபோன கஞ்சியை ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

“என்ன மகளே இது? உப்பும் இல்ல, புளிப்பும் இல்ல. துணி துவைச்ச தண்ணியா?” என்கிற மாதிரி இந்தியில் பொரிந்து தள்ளினார்.

“டாக்டர் உப்பு கம்மி பண்ணச் சொல்லியிருக்கார், பாபாஜி,” என்று அவளும் இந்தியில் சொன்னாள்.

“டாக்டரா குடிக்கப் போறான்? ஊறுகாய் கொண்டா.”

“ஊறுகாய் கிடையாது.”

“அப்போ நீ எதுக்கு வந்தே?”

அவள் ஸ்டூலை இழுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, கரண்டியை மறுபடியும் நீட்டினாள். தாத்தா கொஞ்ச நேரம் அவளை முறைத்துப் பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார்.